கொலுசுப் படம் எடுக்க கேமரா: ஸ்பெக் ஷீட்டில் எதைப் பார்க்கணும்?

பட்டறை_மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மாமனார் காலத்துல பார்ட்டிங்க நேர்ல வந்து, தட்டுல இருக்கறதை எடுத்துப் பார்த்து, எடை போட்டு ஆர்டர் கொடுத்துட்டுப் போவாங்க. இப்ப யாரைக் கேட்டாலும் "டிசைனை வாட்ஸ்அப்ல போடுங்க"ங்கறாங்க. போட்டோ எடுக்கற வேலை என் தலையில விழுந்திருக்கு.

போன்ல எடுத்தா முழுக் கொலுசு ஓரளவுக்கு வருது. வேலைப்பாடு தெரியணும்னு கிட்ட போனா ஒரு சலங்கை மட்டும் தெளிவா இருக்கு, பக்கத்துல இருக்கறதெல்லாம் மங்கிடுது. வெள்ளி ஒரு படத்துல மஞ்சளடிக்குது, அடுத்ததுல நீலமா இருக்கு. வெள்ளைத் தாள்ல வெச்சு எடுத்தா மொத்தமா கறுத்துப் போகுது. "என்னம்மா, பழைய ஸ்டாக்கா?"ன்னு ஒரு பார்ட்டி கேட்டுட்டார். அன்னிக்குக் காலையிலதான் பாலிஷ் போட்டு வந்த மால் அது!

கேமரா வாங்கலாம்னு போனேன். 50,000 வரைக்கும் போகலாம். கடையில ஸ்பெக் ஷீட்டைக் கையில குடுத்து "பார்த்துட்டுச் சொல்லுங்க மேடம்"னுட்டாங்க. ஏபிஎஸ்-சி, ஐஎஸ்ஓ 100-25600, எஃப் 3.5-5.6, நொடிக்கு இத்தனை படம், 0.36எக்ஸ்... இதுல எனக்கு வேண்டியது எது? என் போனே 108 மெகாபிக்சல், கேமரா 24தான். அப்ப போன்தானே பெருசு? இதுக்கு நடுவுல கொழுந்தன் வேற, "83 எக்ஸ் ஜூம் கேமரா வாங்குங்க அண்ணி, கொலுசும் எடுக்கலாம், ஏற்காடு போனா குருவியும் எடுக்கலாம்"ங்கறான்.

சேர்வராயன்_மூடுபனி:

உங்க கொழுந்தன் சொல்றது நிக்கான் பி900. நான் ஏற்காட்டுல காபித் தோட்டத்துல வேலை பார்க்கறேன், என்கிட்ட அது இருக்கு. 83 எக்ஸ்னா 83 மடங்கு பெருசாக் காட்டும்னு நினைச்சுக்காதீங்க. லென்ஸோட ஃபோக்கல் லெங்த் (எவ்வளவு தூரம் எட்டும்னு சொல்ற நம்பர்) ஒரு கோடியில 4.3 மில்லிமீட்டர், மறுகோடியில 357. ஒண்ணை இன்னொண்ணால வகுத்தா 83, அவ்வளவுதான். 24ல ஆரம்பிச்சு 240ல முடியற லென்ஸும் 10 எக்ஸ்தான், 50ல ஆரம்பிச்சு 500ல முடியறதும் 10 எக்ஸ்தான். எவ்வளவு தூரத்துல இருக்கறது எட்டும்ங்கறதுக்கு அந்தக் கடைசி நம்பரைத்தான் பார்க்கணும். பெட்டி மேல 2000 எம்எம்னு போட்டிருக்கறது ஃபுல் ஃப்ரேம்ங்கற பெரிய சென்சார் கணக்குல. உள்ள இருக்கற சென்சார் (படம் விழற சில்லு) அகலம் 6 மில்லிமீட்டர் சொச்சம்தான்.

வெயில் வந்த பிறகு சில்வர் ஓக் மரத்து உச்சியில உட்கார்ந்திருக்கற செம்மீசைச் சின்னான் குருவியை எடுக்க அருமையான கேமரா. பனி இறங்கிட்டா ஃபோகஸ் எங்க பிடிக்கறதுன்னு தெரியாம முன்னயும் பின்னயும் ஓடிக்கிட்டே இருக்கும். கொலுசுக்கு? முழு ஜூம்ல அஞ்சு மீட்டர் தள்ளி நிக்கணும். ஜூம் இல்லாம வைட்ல வெச்சு, கிட்டத்துல எடுக்கற மேக்ரோ போட்டா 1 செ.மீ. வரைக்கும் கிட்ட போகும். ஆனா அவ்வளவு கிட்ட வெச்சா லென்ஸோட கறுப்பு மூஞ்சிதான் உங்க சலங்கையில தெரியும். கொழுந்தன் ஆசையைத் தனியா ஒரு நாள் தீர்த்து வைங்க.

பழைய_ஸ்டுடியோக்காரன்:

தங்கச்சி, நான் நாலு ரோடு பக்கம் ரொம்ப வருஷம் ஸ்டுடியோ வெச்சிருந்தவன். கல்யாண ஆல்பம்தான் சோறு போட்டுச்சு, நடு நடுவுல நகைக்கடைக் காலண்டர் வேலையும் வரும். அந்தப் பழக்கத்துல சொல்றேன்.

ஸ்பெக் ஷீட்ல பாதி உங்களுக்கு எழுதினதே இல்ல. நொடிக்கு இத்தனை படம்ங்கறது கிரிக்கெட் எடுக்கறவனுக்கு. ஐஎஸ்ஓங்கறது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டற அளவு, 25600 இருட்டு மண்டபத்துல தாலி கட்டறதை எடுக்கறவனுக்கு. கொலுசு எங்கயும் ஓடிப் போறதில்ல. கேமராவை ஸ்டாண்டுல மாட்டி, ஐஎஸ்ஓ 100ல வெச்சு, ரெண்டு விநாடி டைமர் போட்டு எடுக்கப் போறீங்க. அந்த ரெண்டு வரியையும் கோடு போட்டு அடிச்சிடுங்க.

நீங்க பார்க்க வேண்டியது கேமரா ஷீட்ல இருக்காது, லென்ஸ் ஷீட்ல இருக்கும். மேக்சிமம் மேக்னிஃபிகேஷன்னு ஒரு வரி, அதாவது ரொம்பக் கிட்ட போனா பொருளோட நிஜ அளவுல எத்தனை பங்கு சென்சார்ல விழும்னு. நீங்க எழுதின 0.36 அதுதான். ஏபிஎஸ்-சிங்கறது சென்சார் சைஸ், கேனான்ல அதோட அகலம் 22.3 மி.மீ. அதை 0.36ஆல வகுங்க, 62 வரும். அதாவது கொலுசுல ஆறு செ.மீ. நீளம் படம் முழுக்க நிறையும். 24 மெகாபிக்சல்னா அகலத்துல 6000 புள்ளி. மில்லிமீட்டருக்கு கிட்டத்தட்ட 97 புள்ளி விழுது. 8 மி.மீ. சலங்கைக்கு 770க்கு மேல. போன்ல பார்க்கற பார்ட்டிக்கு இது தாராளம்.

இதுல ஒரு வேடிக்கை. 0.36ங்கறது எஃப் 3.5-5.6 போட்ட பழைய 18-55 எஸ்டிஎம் லென்ஸ் (எஸ்டிஎம் ஃபோகஸ் மோட்டார் வகை). அதே கம்பெனியோட புது மிரர்லெஸ் கேமராவுக்கு வர ஆர்எஃப்-எஸ் 18-45, ஆட்டோ ஃபோகஸ்ல 0.16தான். 14 செ.மீ. அகலத்துக்கு மேல கிட்ட போகாது. எல்லாரும் புகழற 50 எம்எம் 1.8 எஸ்டிஎம் 0.21. புதுசு, விலை ஜாஸ்தி, பேரு பெருசுங்கறதெல்லாம் உங்க வேலைக்கு உதவாது. அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குங்க. கடைக்காரப் பையனுக்குத் தெரியலேன்னா கம்பெனி சைட்ல இருக்கும்.

அடுத்தது 108. இந்த மாதிரி போன் சாதாரணமா எடுக்கும்போது ஒன்பது புள்ளியை ஒண்ணாச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாத்தான் குடுக்குது. ஒரு புள்ளி ஒரு மைக்ரான்கூட இருக்காது. கேமராவுல ஒரு புள்ளி 3.7 மைக்ரான், அதிகமா வெளிச்சம் பிடிக்கும். மேக்ரோன்னு போன்ல தனியா ஒரு லென்ஸ் இருந்தா அதோட மெகாபிக்சல் எவ்வளவுன்னு பாருங்க. பல போன்ல 2தான்.

இனி மங்கற கதை. போன்ல அப்பர்ச்சர் (லென்ஸ்ல வெளிச்சம் வர்ற துவாரம்) பெரும்பாலும் ஒரே அளவு, சுருக்க முடியாது. கேமராவுல எஃப் 8, 11னு சுருக்கலாம், நம்பர் கூடக் கூடத் துவாரம் சின்னதாகும். ஆனா மேக்ரோ வாங்கிட்டா எல்லாமே தெளிஞ்சிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கிட்ட போகப் போகத் தெளிவா விழற ஆழம் குறைஞ்சுக்கிட்டேதான் போகும். எஃப் 8ல 0.36னா 3 மி.மீ. ஆழம். முழு மேக்ரோ லென்ஸ்ல ஒண்ணுக்கு ஒண்ணு, அதாவது 1.0ல எடுத்தா அரை மில்லிமீட்டர் சொச்சம். பின்னாடி தள்ளி 0.1 அளவுக்கு வந்தா மூணு செ.மீ. கிடைக்கும். சரி, எஃப் 22 வரைக்கும் மூடிடலாமேன்னு தோணும். அங்க ஒளியே சிதறி மொத்தப் படமும் மசமசன்னு ஆயிடும். கொலுசைப் படுக்க வெச்சு, கேமராவை நேர் மேலே, மேசைக்குச் சமமா நிறுத்துங்க. கொஞ்சம் தள்ளி எடுத்து அப்புறமா வெட்டிக்குங்க. கூட இருக்கற மெகாபிக்சல் அங்கதான் கை கொடுக்கும்.

உங்க பார்ட்டி பழைய ஸ்டாக்கான்னு கேட்டாரே, அதுக்குக் காரணம் கேமராவுல வெளிச்சத்தை அளக்கற மீட்டர். அதுக்கு வெள்ளைத் தாளும் ஒண்ணுதான், கறுப்பு வெல்வெட்டும் ஒண்ணுதான், எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் ஆக்கப் பார்க்கும். வெள்ளைத் தாள் மேல எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் +1 வைங்க, வெல்வெட் மேல -1. போன்லயும் ஸ்க்ரீனைத் தொட்டா ஒரு சூரியன் படம் வரும், அதை மேலே இழுத்தா இதே வேலைதான்.

மஞ்சள், நீலம்? பட்டறையில டியூப்லைட்டும் எரியுது, குண்டு பல்பும் எரியுது, ஜன்னல் வெளிச்சமும் வருதுன்னு நினைக்கறேன். டியூப் 6500 கெல்வின், குண்டு பல்பு 2700. ரெண்டும் ஒரே சலங்கை மேல விழுந்தா நிறத்தைச் சரி பண்ற எந்த ஒயிட் பேலன்ஸ் செட்டிங்காலயும் சரிக்கட்ட முடியாது. ஒரே வகை லைட் போடுங்க, சிஆர்ஐ (நிறம் எவ்வளவு நிஜமாத் தெரியும்ங்கற அளவு) 95க்கு மேல இருக்கறதா. மத்ததை அணைச்சிடுங்க. வெள்ளைத் தாளைக் காட்டி கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வெச்சுக்குங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்இடி நொடிக்கு 100 தடவை மின்னும். படத்துல பட்டை பட்டையா வந்தா ஷட்டரை 50ல ஒண்ணு, 100ல ஒண்ணுன்னு வெச்சுப் பாருங்க.

வெள்ளி கண்ணாடி மாதிரி, எதிர்ல என்ன இருக்கோ அதைக் காட்டும். சிவப்புச் சேலை கட்டிக்கிட்டு எடுத்தா சலங்கையில சிவப்பு விழும். லைட்டுக்கு முன்னாடி பட்டர் பேப்பர், சுத்தி மூணு பக்கம் தெர்மாகோல் அட்டை. இது இல்லாம லட்ச ரூபாய் கேமரா வெச்சாலும் படம் வராது.

மெட்டி_வியாபாரி:

அண்ணன் கடைசியா சொன்னதை முதல்ல செய்ங்கக்கா. நான் கேமராவே வாங்கல. லைட் டென்ட் (வெளிச்சத்தைப் பரப்பற வெள்ளைத் துணிக் கூடு), ரெண்டு நல்ல எல்இடி, ஒரு போன் ஸ்டாண்டு. போனைக் கிட்ட கொண்டு போகாம ரெண்டு மடங்கு ஜூம்ல வெச்சு, தள்ளி நின்னு எடுக்கறேன். மெட்டி ஆர்டர் வருது. 50,000க்கு வெள்ளியா வாங்கிப் போடலாம்.

பழைய_ஸ்டுடியோக்காரன்:

தம்பி சொல்றதும் நியாயம்தான். மெட்டிக்கு அது போதும். கொலுசுல கண்ணி கண்ணியா வேலைப்பாடு காட்டணும், மீனா (எனாமல்) கலர் சரியா வரணும்னா போன் தடுமாறும். தானாவே ஷார்ப் பண்ணி, பத்த வெச்ச இடத்தையெல்லாம் முள்ளு முள்ளாக் காட்டிடும். முதல்ல லைட்டுக்குச் செலவு பண்ணுங்க, கேமரா அடுத்த மாசம் பார்த்துக்கலாம்.

பட்டறை_மருமகள்:

ரொம்ப நன்றிண்ணா. குண்டு பல்பை அணைச்சுட்டு, சூரியனை மேலே இழுத்துப் போன்லயே எடுத்துப் பார்த்தேன், வெள்ளி வெள்ளியாவே இருக்கு! மாமனாரே "இது நம்ம மாலா?"ன்னாரு. எங்க சித்தப்பா பையன்கிட்ட 24 மெகாபிக்சல் பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் சும்மா கிடக்குதாம். 18-55 எஸ்டிஎம், 50 எஸ்டிஎம் ரெண்டு லென்ஸும் இருக்காம். மீனா வேலையை இன்னும் கிட்ட காட்ட எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டா போதும்ங்கறான். 400 ரூபாய்க்கே ஆன்லைன்ல இருக்கு. வாங்கலாமா?

பழைய_ஸ்டுடியோக்காரன்:

கேமராவை விடாதீங்க, வாங்கிக்குங்க. டியூப் விஷயத்துல மட்டும் கவனம். அதுக்குள்ள கண்ணாடியே கிடையாது, லென்ஸைச் சென்சார்ல இருந்து தள்ளி வைக்கும், அவ்வளவுதான். டியூப் நீளத்தை லென்ஸ் ஃபோக்கல் லெங்த்தால வகுத்தா கூடுதல் கிடைக்கும். 50 லென்ஸுக்கு 25 மி.மீ. டியூப்னா 0.5, ஏற்கனவே இருக்கற 0.21ஐச் சேர்த்தா 0.71. மூணு செ.மீ. அகலம் படம் முழுக்க வரும், மீனாப் பூ ஒண்ணு ரெண்டு நல்லாத் தெரியும்.

ஆனா 400 ரூபாய் டியூப்ல கரண்ட் போற உலோகப் புள்ளி வரிசை இருக்காது. அது இல்லேன்னா கேமராவுக்கும் லென்ஸுக்கும் பேச்சே நடக்காது, அப்பர்ச்சர் எஃப் 1.8லயே திறந்து கிடக்கும். எஸ்டிஎம் லென்ஸ்ல ஃபோகஸ் வளையத்தைக் கையால திருப்பினாக்கூட உள்ள மோட்டார்தான் சுத்தணும், கரண்ட் இல்லேன்னா அதுவும் ஓடாது. அதனால ஆட்டோ ஃபோகஸ் டியூப்னு போட்டு, ரெண்டு பக்கமும் அந்தப் புள்ளிகள் இருக்கறதா பார்த்து வாங்குங்க, விலை ஜாஸ்தியானாலும் பரவாயில்ல. அவசரமும் இல்ல. 18-55ல எஃப் 3.5-5.6னு போட்டிருந்தா அதுலயே 0.36 இருக்கு, முதல்ல அதுல எடுத்து ரெண்டு படம் இங்க போடுங்க, பார்க்கறேன்.