கமிட்டி இருக்கும்போது சங்கம் எதுக்கு?

ஒரகடத்தான்: எங்க கம்பெனியில ஒர்க்ஸ் கமிட்டிக்கு, அதான் நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்து உட்கார்ந்து பேசற குழுவுக்கு, பேர் கேட்கறாங்க. "குறை இருந்தா நேரா எங்ககிட்ட சொல்லுங்க, நடுவுல வெளியாள் எதுக்கு?"ங்கறார் எச்.ஆர். எனக்கும் அது சரின்னுதான் படுது. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங்ல 2024 செப்டம்பர் 9ல சங்கம் வேணும்னு ஸ்டிரைக்ல உட்கார்ந்தவங்க 37 நாள் கழிச்சுத்தான் எழுந்தாங்க. நமக்கு வீட்டு லோன் இருக்கு சாமி.

பி_ஷிப்ட்: அந்த 37 நாளுக்கு நடுவுல நடந்ததைப் பாருங்கண்ணே. அக்டோபர்ல நிர்வாகம் தொழிலாளர் கமிட்டி ஒண்ணோட ஒப்பந்தம் போட்டுச்சு. மார்ச் வரைக்கும் மாசம் 5,000 ஊக்கத்தொகை. அப்பவும் போராட்டத்துல இருந்தவங்க உள்ள போகல. அந்தக் கமிட்டியில இருக்கறவங்க எங்க ஆளுங்க இல்லன்னுட்டாங்க. அவங்க சங்கத்தைப் பதிவு பண்ணதே 2025 ஜனவரியிலதான்.

மனிதவளம்_சென்னை: நான் எச்.ஆர்.தான், திட்டிக்கோங்க. சங்கம் வந்தா கேன்டீன் சாம்பார்கூட லேபர் ஆபீசுக்குப் போகும். எங்க பிளான்ட்ல பஸ் ரூட்டை ஒரே மீட்டிங்ல மாத்தினது கமிட்டிதான்.

பி_ஷிப்ட்: பஸ்ஸும் சாம்பாரும் சரி சார், சம்பளம்? எங்க கமிட்டி மீட்டிங்ல ஓவர்டைம் கணக்கு இடிக்குதேன்னு ஒருத்தர் கேட்டார். மீட்டிங்ல பேசினதை எழுதற மினிட்ஸ்ல "பொதுவான விஷயங்கள் பேசப்பட்டன"ன்னு ஒத்தை வரி. அடுத்த மாசம் அவரைத் தூக்கி பெயின்ட் ஷாப்புல போட்டாங்க. இப்ப எல்லாரும் பிஸ்கட் சாப்பிட்டுட்டு வந்துடறாங்க.

மனிதவளம்_சென்னை: டிரான்ஸ்பருக்கு வேற காரணம் இருக்கலாமே.

பி_ஷிப்ட்: இருக்கலாம். என்ன காரணம்னு கேட்க அங்க யாருக்குத் தைரியம் இருக்கு?

கோர்ட்டுவாசல்: ரெண்டு பேரும் கமிட்டியையும் சங்கத்தையும் போட்டிக்கு நிறுத்தறீங்க. 1947 தொழில் தகராறு சட்டத்துலயே 100 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா கமிட்டி வைக்கச் சொல்லி அரசு உத்தரவு போடலாம்னு இருந்துச்சு. தொழிலாளர் பக்க ஆளுங்க நிர்வாக ஆளுங்களைவிடக் குறையக்கூடாது, பதிவான சங்கம் இருந்தா அதைக் கலந்துதான் எடுக்கணும். கமிட்டி சங்கத்துக்கு மாற்று இல்லன்னு சுப்ரீம் கோர்ட் நார்த்புரூக் சணல் ஆலை வழக்குல 1960லயே சொல்லிடுச்சு. எச்.ஆர். சார் இதைப் படிச்சிருப்பார்.

மனிதவளம்_சென்னை: படிச்சிருக்கேன். ஆனா சங்கம் வந்தா மட்டும் நம்பிக்கை வந்துடுமா? ரெண்டு சங்கம், மூணு கட்சி, அதுக்குள்ள சண்டை.

ஒரகடத்தான்: அப்ப நான் பேர் கொடுக்கவா, வேணாமா?

பி_ஷிப்ட்: கொடுங்கண்ணே. ஓட்டு போட்டு எடுக்கறாங்களா, எச்.ஆர். லிஸ்ட்டானு முதல்ல கேளுங்க. மினிட்ஸைப் படிக்காம கையெழுத்து போடாதீங்க.