‘நேட்டிவ் ரேஞ்ச்’: வாழ்புலமா, தாயகப் பரப்பா?

அன்புடையீர்,
பறவைக் கையேட்டின் செந்தார்ப் பைங்கிளிப் பக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நிலப்படத்தில் இரண்டு நிறங்கள். பச்சை: சகாராவுக்குத் தெற்கே செனகல் தொடங்கிக் கிழக்காக ஒரு பட்டை, அப்புறம் பாகிஸ்தான் முதல் மியன்மார் வரை, தெற்கே இலங்கை வரை. ஆரஞ்சு: கூண்டிலிருந்து தப்பிய கிளிகள் பெருகிவிட்ட லண்டன், பிரஸ்ஸல்ஸ் முதலியவை. பச்சை, ‘நேட்டிவ் ரேஞ்ச்’, அதாவது கிளி இயல்பாகவே வாழ்ந்துவரும் நிலப்பரப்பு. அதற்குத் தமிழாக வரைவில் ‘இயற்கை வாழிடம்’ என்றிருக்கிறது. சரியா?

மறுமொழி 1
வேண்டாம். வாழிடம் ‘ஹேபிடட்’டுக்கு நிலைத்துவிட்டது: காடு, தோப்பு, பொந்துமரம் நிற்கும் வயலோரம். இங்கே கேட்பது நிலப்பட எல்லை. ‘இயற்கைப் பரவல்’ எல்லோருக்கும் புரியும்.

மறுமொழி 2
பரவல் தொழிற்பெயர். இன்று பரவிக்கொண்டிருப்பது ஆரஞ்சுதானே! படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். ‘வாழ்புலம்’ என்போம். வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் நிற்கும். ஆரஞ்சுக்குப் ‘பெயர்புலம்’. ‘மொழிபெயர் தேயம்’ சங்கத்திலேயே உண்டு. அங்கே மொழி மாறும் நாடு, இங்கே கிளி பெயர்ந்த நாடு.

மறுமொழி 3
முக்காலமும் நிற்பதுதான் சிக்கல். லண்டனிலும் கிளி வாழ்கிறது, குஞ்சு பொரிக்கிறது, அதுவும் வாழ்புலமாகிவிடும். ‘பெயர்புலம்’ என்றால் தானே பெயர்ந்ததாக ஆகும். இது வலசை போகும் பறவையன்று, மனிதர் கொண்டுபோனது. ‘தாயகப் பரப்பு’, ‘புகுத்திய பரப்பு’ என்று பிரியுங்கள்.

இன்னொன்று: பக்கத்துக் குறிப்பில் ‘கழுத்தில் செந்நிற வளையம்’ என்று பொதுவாக எழுதியிருக்கிறது. வளையம் ஆணுக்கு மட்டும், அதுவும் ஏறக்குறைய மூன்று வயதில். தாடையில் கறுப்பாகத் தொடங்கிப் பிடரியில் இளஞ்சிவப்பாகும். பெண்ணுக்கும் இளங்கிளிக்கும் கிடையாது. திருத்தாவிட்டால் வளையமில்லாத கிளியை வேறு இனமென்று குறித்துக்கொள்வார்கள்.

மறுமொழி 2
தார் ஆடவர் அணிவது, மாலை மகளிர் அணிவது என்று உரைமரபு பிரிக்கும். ஆணுக்கு மட்டும் வளையம் என்பதைச் ‘செந்தார்’ என்ற பெயரே சொல்லிவிடுகிறது! அந்தக் கூர்மை ‘தாயகப் பரப்பு’க்கு இல்லை. தாயகம் ஒருமை. இந்தக் கிளிக்கோ துணையினங்கள் நான்கு. இரண்டு ஆப்பிரிக்காவில், இரண்டு ஆசியாவில். படிக்கும் பிள்ளை, ‘தாயகம் எது?’ என்று கேட்கும்.

மறுமொழி 4
கேட்கட்டும், இரண்டு கண்டங்களிலும் என்று சொல்லலாம். ‘வாழ்புலம்’ என்றால் முதலில் அந்தச் சொல்லுக்கே விளக்கம் எழுத வேண்டும். படக்குறிப்பில் அதற்கு இடமில்லை.

தொகுப்பாளர்
தாயகப் பரப்புக்கு ஐவர், வாழ்புலத்துக்கு இருவர், பரவலுக்கு ஒருவர். பச்சைக்குத் ‘தாயகப் பரப்பு’, ஆரஞ்சுக்குப் ‘புகுத்திய பரப்பு’ என்று அனுப்புகிறேன். வளையக் குறிப்பைத் திருத்திவிட்டேன்.

மறுமொழி 2
அனுப்புங்கள். என் மறுப்பு அப்படியே இருக்கிறது. புறா, சிட்டுக்குருவிப் பக்கங்கள் வரும்போது இந்த ‘ஒரு தாயகம்’ மறுபடி இடிக்கும்.