பசந்தர் ஆத்துல எங்க அப்பா

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

டிசம்பர் 16 வருது. 1971 சண்டையில பாகிஸ்தான் படை டாக்காவுல சரணடைஞ்ச படத்தையும் 93,000 கைதிங்கிற கணக்கையும் வருசாவருசம் நம்ம குழுவுல போடுதோம். போட வேண்டியதுதான். ஆனா அந்தச் சரணாகதிக்கு முந்தின ராத்திரி, மேற்கே பாகிஸ்தான் எல்லையில சகர்கட் பக்கம் பசந்தர் ஆத்தங்கரையில நம்மூர்க்காரர் ஒருத்தர் குப்புறப் படுத்துக் கண்ணிவெடி தேடிக்கிட்டிருந்தார். எங்க அப்பா. மெட்ராஸ் சாப்பர்ஸ், 9-வது எஞ்சினியர் ரெஜிமெண்ட். கண்ணிவெடி எடுத்துப் படைக்குப் பாதை போடுத பிரிவு.

பசந்தர்னா எல்லாருக்கும் டாங்கிதான் ஞாபகம் வரும். அங்கே டாங்கிச் சண்டையில 21 வயசுல உயிரைக் கொடுத்த அதிகாரி அருண் கேத்ரபாலை அப்பாவும் கையெடுத்துக் கும்பிடுவாவ. கூடவே, "டாங்கி போகணும்னா முதல்ல பாதை வேணும்லா?" என்பாவ. டாங்கிக்குப் புதைச்ச வெடி ஆள் மிதிச்சா பெரும்பாலும் வெடிக்காது; ஆனா ஆளைக் கொல்லுததையும் அதுக்கு ஊடால புதைச்சு வச்சிருப்பானாம். வெடி தேடுத கம்பியைச் செங்குத்தா இறக்கக் கூடாது, அழுத்தினா வெடிக்கிற தட்டு மேலேதான் இருக்கும். சாய்ச்சுச் செருகி, தட்டுப்பட்டா பக்கத்து மண்ணை விரலால வழிக்கணும். பஞ்சாப் மார்கழிக் குளிர்ல விரல் மரத்துப்போகும். மேல குண்டு விழுந்துகிட்டே இருக்கும். பாதை முழுசா எடுத்து முடியுமுன்னமே டாங்கிகள் கிளம்பிட்டுன்னு சொல்லும்போது மட்டும் அப்பா குரல் இறங்கிரும். அந்த ரெஜிமெண்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அந்தச் சண்டையிலதான் உயிரை விட்டார். மகாவீர் சக்ராங்கிற வீர விருது கொடுத்தாங்க. அவர் பேரைச் சொல்லாம அப்பா இந்தக் கதையை முடிச்சதே இல்லை.

அம்மாவுக்கு அப்ப இதெல்லாம் தெரியாது. 56 ஏ.பி.ஓ.ங்கிற ராணுவத் தபால் விலாசம் போட்டு வந்த இன்லண்ட் லெட்டர்ல எந்த ஊர்ல இருக்கோம்னு எழுத விடமாட்டாங்க. "நான் சௌக்கியம். பிசான நெல்லுக்குத் தண்ணி வருதா? களை பறிச்சாச்சா?" அவ்வளவுதான். எனக்கு அது எந்த வீரக் கதைக்கும் குறைஞ்சதில்லை.

ஓய்வுபெற்று வந்து வயல்ல இறங்கின பிறகும், மண்வெட்டியில 'ணங்'குன்னு கேட்டா அப்பா மறுவெட்டு போட மாட்டாவ. குனிஞ்சு கையால தடவிப் பாத்துட்டுத்தான் கல்லை எடுப்பாவ. வேலையாட்கள் சிரிப்பாங்க. எனக்குச் சின்ன வயசுல விளங்கலை.

நான் கேக்குதது இதுதான். 62, 65, 71 சண்டைக்கு நம்மூர்ல இருந்து போனவங்க எல்லார் பேரையும் தொகுக்கணும். மெடல் வாங்கினவங்களை மட்டுமில்ல. சமையல்காரர், டிரைவர், நர்சிங் ஆர்டர்லி, எல்லாரையும். டிஸ்சார்ஜ் புத்தகம் வீட்டுல இருந்தா யூனிட் பேரு இருக்கிற பக்கத்தைப் படம் பிடிச்சு அனுப்புங்க. புத்தகம் இல்லைன்னா, அவுக வாயால சொன்னது நினைவிருக்கிற மட்டும் எழுதுங்க. பழைய கடிதாசி இருக்கான்னு ஊர்ல இருக்கிற அம்மா, சித்தி, ஆச்சிகிட்ட போன்ல கேளுங்க. படைவீரர் கொடி நாள் டிசம்பர் 7. அதுக்குள்ள வந்துட்டா, 16-ம் தேதி முழுப் பட்டியலையும் குழுவுல போட்டுருவேன்.