கால் ஊன்றத் தரையில்லாத தொலைநோக்கி எப்படிங்க ஆடாம நிக்குது?

காங்கேயத்துக்காரன்:
மொட்டை மாடியில ஆறு இஞ்ச் டெலஸ்கோப் வச்சு சனி பாக்கறேனுங்க. ஃபோகஸ் குமிழைத் தொட்டாலே வளையம் நாலஞ்சு நொடி துடிக்குது. தெருவுல டிராக்டர் போனாலும் அதே கதை. பூமியைச் சுத்தற ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி மட்டும் அந்தரத்துல எப்படி அசையாம நிக்குது? அப்பப்ப ராக்கெட் பத்த வைப்பாங்களா?

ரோட்டர் அண்ணன், கணபதி:
இல்லீங் தம்பி, ஹப்பிள்ல அதுவே கிடையாது. புகை கண்ணாடியில படிஞ்சா போச்சு. பம்ப்செட் ரோட்டர் பேலன்ஸ் பண்றது என் தொழில், அதனால இதை ஆசையா சொல்றேன். உள்ள நாலு சக்கரம் இருக்குது, ஒவ்வொண்ணும் 45 கிலோ. மோட்டார் சக்கரத்தை ஒரு பக்கம் முடுக்குனா மொத்தத் தொலைநோக்கியும் எதிர்ப்பக்கம் திரும்பும். போல்ட் போடாத மோட்டாருக்கு சுவிட்ச் போட்டா உடம்பு ஒரு வெட்டு வெட்டுமே, அதேதான். ஆனா 90 டிகிரி திரும்ப கால் மணி நேரம், கடிகாரத்து நிமிஷ முள் வேகம்.

திரும்பினப்புறம் நிக்கோணுமே? நிமிஷத்துக்கு 19,200 சுத்து சுத்தற ஜைரோங்கற பம்பரம் மாதிரி கருவி அசைவைச் சொல்லும். வழிகாட்டி சென்சார் பக்கத்து நட்சத்திரத்தைப் பிடிச்சுட்டு மிச்சத்தைத் திருத்தும். தடுமாற்றம் 0.007 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3600 பங்கு போட்டா ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட்), அதாவது ஒன்றரை கிலோமீட்டருக்கு அவத்தால இருக்கற தலைமுடியோட தடிமன்.

பவானி டீச்சர்:
ஒரே பக்கம் தள்ளிட்டே இருந்தா சக்கரத்து வேகம் ஏறிட்டே போகுமேங்கண்ணா?

ரோட்டர் அண்ணன், கணபதி:
சரியா புடிச்சீங்க டீச்சர். மின்காந்தத் தண்டுகள் இருக்குதுங், பூமியோட காந்தப்புலத்தைப் புடிமானமா வச்சு சக்கர வேகத்தை இறக்கிக்கும். ஜேம்ஸ் வெப்ங்கற இன்னொரு விண்வெளித் தொலைநோக்கி பூமியில இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிக்குது. அங்க அந்தப் புடிமானம் இல்லை, சின்ன உந்துபொறியை எரிச்சுத்தான் இறக்கோணும்.

சக்கரம் மட்டும் பத்தாதுங். சாயங்காலம் வெயில் இறங்கினதும் ஷெட்டுத் தகரம் டப்பு டப்புனு அடிக்கும் பாருங்க, 1990ல ஹப்பிளை ஏவினப்ப சோலார் பலகைக்கும் அதே கோளாறு. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறறப்பெல்லாம் உதறி மொத்தத்தையும் ஆட்டுச்சு. 1993ல வீரர்கள் போய் பலகையை மாத்துனாங்க. ரோட்டர் விளிம்புல ட்ரில்லால ஒரு பொட்டு இரும்பு எடுத்தா அதிர்வு அடங்கறதைத் தினமும் கையில தொட்டுப் பாக்கறவன் நான். அந்த உதறலைத் தேடிப் புடிச்சவங்களை நினைச்சா கையெடுத்துக் கும்பிடத் தோணுது.

தம்பி, ஸ்டாண்டு நடுவுல ஒரு மணல் பையைக் கட்டித் தொங்க விடுங்க, தரையைத் தொடக் கூடாது.

காங்கேயத்துக்காரன்:
எட்டு கிலோ மணல் கட்டினேங்ணா. தொட்டா ஒரே நொடியில அடங்குது. கோளுக்கும் வளையத்துக்கும் நடுவுல இருக்கற கருப்பு இடைவெளியை இன்னிக்குத்தான் பாத்தேன். அம்மாவையும் மாடிக்கு வரச் சொல்லிக் காட்டினேன்.