ஜாஸ் பிறந்த ஊரில் கேட்டதும் பார்த்ததும்: உங்கள் அனுபவங்கள்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் போகிறவர்கள் பெரும்பாலும் பழைய பாணி ஜாஸ் வாசிக்கும் பிரிசர்வேஷன் ஹால் அரங்கில் ஒரு கச்சேரி கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நானும் கேட்டேன், அருமையான கச்சேரி. ஆனால் ஜாஸ் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது ட்ரெமே பகுதித் தெருவில், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு 'செகண்ட் லைன்' ஊர்வலத்தில்தான்.

கறுப்பின மக்களின் சங்கங்கள் நடத்தும் ஊர்வலம் இது. உறுப்பினர்களின் வைத்தியச் செலவையும் அடக்கச் செலவையும் ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்ட சங்கங்கள். முன்னால் சங்கத்தாரும் பேண்டும், பின்னால் ஆடிக்கொண்டே ஊர் ஜனம்.

நான் பாஸ் டிரம் என்ற பெரிய மேளத்தை அடிப்பவரை ஒட்டியே நடந்தேன். டிரம்மின் மேல் சின்னதாக ஒரு சிம்பல், அதாவது உலோகத் தட்டு. ஒரு கையில் கோல், மறு கையில் ஸ்க்ரூடிரைவர்! அதை வைத்துத்தான் சிம்பலைத் தட்டினார். ராணுவ பேண்ட் போல நேராகப் போகும் தாளத்தில் திடீரென்று நான்காம் அடி அழுத்தமாக விழும். எல்லார் காலும் அங்கேதான் எகிறும். ராணுவ நடை ஆட்டமானது அந்த அடியில்தான். 1900 வாக்கில் ஊரையே கலக்கிய கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) கலைஞர் பட்டி போல்டனின் குழுதான் இதைக் கொண்டுவந்தது என்று இசைக்காரர்கள் சொல்கிறார்கள். அவர் வாசித்த ஒரு பதிவுகூட இன்று இல்லை. 1907இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், 1931இல் இறந்தார்.

அப்புறம் அதே ஊரில் உள்ள காங்கோ சதுக்கத்துக்கும் போனேன். அடிமைகளாக இருந்தவர்கள் ஞாயிறுதோறும் கூடி மேளம் அடித்து ஆடிய இடம். தென் கரோலினாவில் 1740லேயே சட்டம் போட்டு அடிமைகளின் மேளத்தைத் தடுத்துவிட்டார்கள். இங்கே அது பிழைத்துக் கிடந்தது. ஐரோப்பிய இசை படித்த கிரியோல் (கலப்பு வம்சாவளி) கலைஞர்கள், துறைமுகம் என்று வேறு காரணங்களும் உண்டு. மேளம் இல்லாமல் அவையெல்லாம் சேர்ந்தும் ஜாஸ் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

மறுமொழி:

நான் இருப்பது இந்தியானாவில். இங்கே ரிச்மண்டில் ஜென்னெட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடம் இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். 1923 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ்காரரான கிங் ஆலிவரின் ஜாஸ் குழு சிகாகோவிலிருந்து வந்து பதிவு செய்த இடம். பின்னால் பெரும் புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கும் இளைஞராக அதில் இருந்தார். பக்கத்திலேயே ரயில் பாதை. ரயில் வந்தால் பதிவை நிறுத்த வேண்டும்.

அன்று மைக் கிடையாது. பெரிய கூம்புக்கு முன்னால் வாசிப்பார்கள், அந்த அதிர்விலேயே ஊசி மெழுகில் கீறும். பாஸ் டிரம் அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் டிரம்ஸ் கலைஞர் பேபி டாட்ஸ் மரக்கட்டையைத் தட்டிச் சமாளித்தார். நீங்கள் தெருவில் கேட்ட அந்த அதிர்வு பதிவில் ஏறவே இல்லை. பழைய ஜாஸ் சப்பென்று இருக்கிறது என்று யார் சொன்னாலும் நான் இதைத்தான் விளக்குகிறேன். அவர்கள் கேட்பது பாதி இசையைத்தான்.

மறுமொழி:

போக நினைப்பவர்களுக்கு: ஊர்வலங்கள் ஆகஸ்ட் கடைசி வாக்கில் தொடங்கி ஜூன் வரை, பெரும்பாலும் ஞாயிறுகளில் நடக்கும். டிக்கெட் எதுவும் கிடையாது. மணிக்கணக்கில் நடக்க வேண்டும், தண்ணீர் எடுத்துப் போங்கள். சங்கத்தார் ஆட இடம்விட்டுக் கயிறு பிடித்து வருவார்கள், அதற்குள் மட்டும் நுழையாதீர்கள். வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம்.