நிறுத்தின நேரடி விமானம் திரும்ப வருமாம் என்றால்: உங்கள் அனுபவம் என்ன?

லா கூர்னேவ், பாரிஸ் புறநகரிலிருந்து:

எப்போதோ நிறுத்தின நேரடி விமானம் திரும்ப வரப்போகிறதாம் என்று யாராவது சொன்னால், அம்மாவின் கைப்பையில் இருந்த மட்டைத் துண்டுதான் எனக்கு முதலில் கண்ணுக்குள் வரும்.

அம்மா இருப்பது சாவகச்சேரியில். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் கொழும்பிலிருந்து நேரே பாரிசுக்கு ஓடிய காலத்தில் இரண்டு முறை தனியாகவே வந்து போனா. கட்டுநாயக்க விமான நிலையத்தில் தம்பி ஏற்றிவிடுவான். பத்துப் பதினொரு மணித்தியாலத்தில் பாரிசின் சார்ல்ஸ் து கோல் விமான நிலையத்தில் நான் கூட்டிக்கொண்டு வருவேன். நடுவில் அவ செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அறிவிப்பு தமிழிலும் வரும். பக்கத்து இருக்கையில் அநேகமாக எங்கட ஆட்கள் யாராவது இருப்பார்கள். சூட்கேசைத் திறந்தால் ஒடியல் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி.

2016 நவம்பரில் அது நின்றது. ஃபிராங்ஃபர்ட்டும் அதே பருவத்தில் நின்றது. ரோம் அதற்கு முன்பே போய்விட்டது. ஐரோப்பாவில் லண்டன் மட்டும் மிஞ்சியது. நிறுவனம் பெரிய நட்டத்தில் இருந்தது. குத்தகைக்கு எடுப்பதாக இருந்த ஏ350 விமானங்களைக்கூடப் பணம் கட்டி ரத்துச் செய்த வருடம் அது. அவர்களுடைய கணக்கில் நிறுத்தியது சரியாக இருக்கலாம். எங்கள் வீட்டுக் கணக்கு வேறு.

2017 கோடையில் என் மூத்தவளின் சாமத்திய வீட்டுக்கு அம்மாவை வளைகுடா வழியாக வரவழைத்தோம். விமான நிலையத்தின் பெயர் வேண்டாம். தம்பி ஒரு பிஸ்கட் பெட்டியை வெட்டி, அதன் பின்பக்கத்தில் பெரிய ஆங்கில எழுத்தில் அம்மாவின் பெயர், விமான இலக்கம், என் தொலைபேசி இலக்கம், 'தமிழ் மட்டும் தெரியும்' என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்திருந்தான். சக்கர நாற்காலிக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். தள்ளிக்கொண்டு போனவர் ஒரு தூணுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார். பிறகு கேட் மாறியது. அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? ஐந்து மணித்தியாலம் அந்த இடத்திலேயே இருந்திருக்கிறா. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "எழும்பிப் போனா கதிரையைக் கொண்டுபோயிடுவாங்கள் எண்டு பயமாக் கிடந்தது பிள்ளை" என்று பிறகு சொன்னா. துப்புரவு வேலை செய்த திருநெல்வேலிப் பிள்ளை ஒருவர் மட்டையைப் பார்த்துவிட்டு, தன் வேலையை நிறுத்தி அம்மாவைச் சரியான கேட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அவருக்கு நன்றி சொல்ல இன்றுவரை வழியில்லை.

பாரிசில் இறங்கும்போதும் மட்டை கையில்தான் இருந்தது. நான்கு மூலையும் வியர்வையில் ஊறி, துணி மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது.

ஊருக்குத் திரும்பிய அன்றே சொல்லிவிட்டா: "இனி நான் வரேல்ல. நீங்கள் வாங்கோ."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் லா சப்பல் கடைத்தெருவில் யாராவது, "அடுத்த மாதம் திரும்பத் தொடங்குகிறானாம்" என்பார்கள். உடனே நான் அம்மாவுக்கு அழைப்பேன். மூன்றாவது முறை, "டிக்கெட் எடுத்துப்போட்டுச் சொல்லு" என்று வைத்துவிட்டா. அவ சொன்னது சரி. நம்பிக்கை கொடுத்துப் பறிப்பதைவிடப் பேசாமல் இருப்பது மேல். 2021 கடைசியில் உண்மையாகவே திரும்பத் தொடங்கியபோது, திகதி திறந்து இருக்கை வரைபடத்தைக் கண்ணால் பார்க்கும்வரை நான் வாயே திறக்கவில்லை.

2022 யூலையில் வந்தா. நாட்டில் எரிபொருளே இல்லாத நேரம். சாவகச்சேரியிலிருந்து கட்டுநாயக்க வந்து சேர்ந்ததே ஒரு தனிக் கதை. அப்போது கொழும்பிலிருந்து புறப்பட்ட சில நெடுந்தூர விமானங்கள் திருவனந்தபுரம் மாதிரி பக்கத்து நிலையங்களில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. அம்மாவின் விமானமும் இறங்கியது. சக்கரம் நிலத்தில் பட்டதும் பாரிஸ் வந்துவிட்டது என்று நினைத்து, சுவெட்டரைப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாவாம். பக்கத்தில் இருந்த பெடியன், "அம்மா, இது கேரளா. இன்னும் பத்து மணித்தியாலம் கிடக்கு" என்று சொல்லிச் சுவெட்டரைக் கழற்ற உதவியிருக்கிறான். அப்படியும் அம்மா எழும்பவில்லை, இறங்கவில்லை, யாரிடமும் வழி கேட்கவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து:

படித்ததும் மனம் கனத்துப் போனது அக்கா. என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். திரும்ப வரும் விமானம் பழைய மாதிரியே திரும்ப வராது.

என் அக்கா நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறார். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் அங்கே பக்கத்தில் இருக்கும் நியூவர்க்குக்கு நேரடியாகப் பறக்கத் தொடங்கியது, ஏ340-500 விமானத்தில். நான்கு என்ஜின், எண்ணெய் நிறையக் குடிக்கும். 2008இல் உள்ளே எல்லாவற்றையும் மாற்றி 100 இருக்கையும் பிசினஸ் வகுப்பாக ஆக்கிவிட்டார்கள். அதோடு எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது எட்டாமல் போனது. 2013 நவம்பரில் மொத்தமாக நின்றபோது, உண்மையில் நாங்கள் இழந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

2018 அக்டோபர் 11 அன்று மறுபடி தொடங்கியது. இந்த முறை ஏ350-900யூஎல்ஆர். இரண்டே என்ஜின், 165,000 லிட்டர் கொள்ளும் தொட்டி, 15,300 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில். செய்தியைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகுதான் இருக்கைக் கணக்கைப் பார்த்தேன். மொத்தம் 161: பிசினஸ் 67, பிசினஸுக்கும் சாதாரண எகானமிக்கும் நடுவிலான பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி ஒன்றுகூட இல்லை.

2019இல் அக்காவுக்கு அறுவை சிகிச்சை என்றபோது யோசிக்காமல் பிரீமியம் எகானமியில் போட்டேன். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் சாங்கியில் ஏறி, விடியற்காலை நியூவர்க்கில் இறங்கினேன். கடிகாரத்தைப் பார்த்தால் ஒரே ராத்திரிதான். உட்கார்ந்திருந்தது பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். பாதி தூரத்தில் விமானத்தின் பின்பக்கம் போய் நின்றேன். அங்கே ஏற்கெனவே நாலைந்து பேர் காலை உதறிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. ஆனாலும் சொல்கிறேன், நேராக மருத்துவமனைக்குப் போய் அக்கா கண் விழிக்கும் நேரத்தில் பக்கத்தில் இருந்தேன். வேறு எந்த வழியில் போயிருந்தாலும் அது நடந்திருக்காது.

பெருந்தொற்றில் அதுவும் நின்றது. 2020 நவம்பரில் திரும்பி வந்தபோது நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் இறங்கியது. நியூவர்க்குக்கு மறுபடி வர 2022 ஆனது. அதனால் 'திரும்ப வருகிறது' என்று கேட்டதும் எந்த வகுப்பு, எந்த விமான நிலையம், வாரத்தில் எத்தனை நாள் என்று மூன்றையும் பார்த்துவிட்டு வீட்டில் சொல்லுங்கள்.

டொராண்டோவிலிருந்து:

எங்களுக்குத் திரும்பியே வரவில்லை. ஜெட் ஏர்வேஸ் இருந்த காலத்தில் சென்னை, மும்பை, டெல்லி மூன்றிலிருந்தும் விமானங்கள் காலையில் பிரசல்ஸுக்கு வந்து நிற்கும். ஆட்கள் மாறி ஏறி நியூயார்க், நியூவர்க், டொராண்டோ என்று பிரிந்து போவார்கள். 2010இல் அப்பாவை அப்படித்தான் கூட்டி வந்தேன். மாறி ஏறும் இடத்திலும் சுற்றிலும் நம் பேச்சாகவே இருந்ததால் அப்பாவுக்குத் துளிகூடப் பதற்றம் இல்லை.

2019 ஏப்ரல் 17 அன்று அந்த நிறுவனம் பறப்பதை நிறுத்தியது. 2021இல் மீட்புத் திட்டத்துக்குத் தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்தபோது அப்பா செய்தித்தாளை வெட்டியே வைத்துக்கொண்டார். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கலைத்துவிடச் சொல்லிவிட்டது. அந்தத் துண்டு இன்னும் அப்பாவின் பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது. எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

சென்னையிலிருந்து, டிக்கெட் ஏஜென்ட்:

இருபது வருடமாக இந்தத் தொழில். "வருமா சார்?" என்று கேட்காத நாள் இல்லை.

நான் பார்ப்பது இவ்வளவுதான். முதலில் விமானம். நிறுத்தின வழியில் ஓட்ட அவர்களிடம் உபரியாக ஒரு பெரிய விமானம் இருக்கிறதா? அப்புறம் அந்த ஊர் நிலையத்தில் இறங்க நேரம். நெரிசலான நிலையங்களில் கொடுத்த நேரத்தில் 80 சதவீதமாவது பயன்படுத்தாவிட்டால் அது கையை விட்டுப் போய்விடும், திரும்ப வாங்குவது லேசு இல்லை. கடைசியாக வான்வழி. ஏர் இந்தியா 2025 செப்டம்பர் 1 முதல் டெல்லி–வாஷிங்டனை நிறுத்தியதற்குச் சொன்ன காரணம் இரண்டு: போயிங் 787 விமானங்களைப் புதுப்பிக்க அனுப்புவது, பாகிஸ்தான் வான்வெளி மூடியிருப்பது. இரண்டில் எதுவுமே பயணிகள் குறைந்ததால் வந்தது இல்லை. அதனால் கூட்டம் இருக்கிறதே, கட்டாயம் வரும் என்று நினைக்காதீர்கள்.

வாஷிங்டன் பக்கம் மகன் இருக்கும் ஒரு வயதான தம்பதி மாதம் ஒருமுறை கடைக்கு வருவார்கள். எனக்கு அவர்களைப் பார்த்து இல்லை என்று சொல்லக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் சிஸ்டத்தில் இருக்கை திறக்காமல் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல மாட்டேன். ஒரு முறை நான் அப்படிச் சொல்லிவிட்டேன், அந்த அம்மா பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு வந்து காட்டினார்கள்.

லா கூர்னேவிலிருந்து மறுபடி:

எல்லாருக்கும் நன்றி. டொராண்டோ அண்ணா, அந்தத் துண்டு இருக்கட்டும், எடுக்காதீங்கோ.

அம்மா இப்போது வருகிறாவா என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: வருகிறா. வயது 79. இந்த முறை யன்னல் பக்கம் வேண்டாமாம், ஓர இருக்கைதான் வேணுமாம், யாரையும் எழுப்பாமல் எழும்பிப் போகலாமாம். தம்பி மட்டை எழுதவா என்று கேட்டான். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டா. ஆனால் பழைய மட்டையைக் கைப்பையிலிருந்து எடுக்கவும் விடவில்லை.