ரெட்வுட் காட்டுக்கு நாயை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் எங்கள் மகள் வீட்டுக்குச் செல்கிறோம். கலிபோர்னியாவின் வடகரையில் உள்ள ரெட்வுட் என்னும் மிக உயரமான மரங்களின் காடுகளைக் காண வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. மகளிடம் வயதான லாப்ரடார் நாய் ஒன்று இருக்கிறது. அதைப் பிறரிடம் விட்டுவர அவளுக்கு மனம் வரவில்லை. நம் க்ரூகர் தேசியப் பூங்காவில் நாயை வாயிலுக்குள்ளேயே விடமாட்டார்கள். அங்கும் அப்படித்தானா? சென்று வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வணக்கம் அக்கா. முழுத் தடை இல்லை. ரெட்வுட் தேசிய, மாநிலப் பூங்காக்களின் காட்டு நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி கிடையாது. ஆனால் முகாம்கள், வாகன நிறுத்துமிடங்கள், பொதுச் சாலைகள், கடற்கரைகள் ஆகியவற்றில் 6 அடிக்கு மிகாத கயிற்றில் பிடித்தபடி அழைத்துச் செல்லலாம். இவற்றோடு வாக்கர் சாலை, கால் பேரல் சாலை என்னும் இரண்டு மண்சாலைகளிலும் அனுமதி உண்டு. வயதான நாய்க்கு நான் கால் பேரல் சாலையையே சொல்வேன். ப்ரெய்ரி கிரீக் பகுதியில் உள்ள அந்தச் சாலை முதுமரங்களின் ஊடாகவே செல்வதால், நடைபாதைக்குப் போகவில்லையே என்ற குறை உங்களுக்கு இராது. தேங்காய் நாரைப் போல் இழை இழையாக உரியும் அம்மரங்களின் சிவந்த பட்டையை அருகில் நின்று பார்க்கலாம். ஈரமான நாள்களில் ஓடில்லாத பெரிய மஞ்சள் நத்தைகள் சாலையோரம் ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றின் வழவழப்பான நீர் வாயை மரத்துப்போகச் செய்யும் என்பதால் நாயை நக்க விடாதீர்கள். லேடி பேர்ட் ஜான்சன் தோப்பைப் பார்க்க விரும்பினால் ஒருவர் நாயோடு வெளியே இருக்க, மற்றவர்கள் சுற்றிவிட்டு வந்து முறை மாற்றிக்கொள்ளுங்கள். காருக்குள் அதைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டாம்.

பதில் 2 (லெனேசியா)

மேலே சொன்னது சரி. இந்த விதிக்குத் தக்க காரணம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நாய் போன பிறகும் அதன் வாடை அங்கேயே தங்கிவிடுவதால், வேட்டை விலங்கு வந்துவிட்டது என்று எண்ணிச் சிறு விலங்குகள் அவ்விடத்தைத் தவிர்க்கின்றன. ரூஸ்வெல்ட் எல்க் என்னும் பெரிய மான்கள் நாயை ஓநாயாகவே கருதி எதிர்த்து வரக்கூடும். புல்வெளியில் அவற்றைக் கண்டால் வண்டியை விட்டு இறங்காதீர்கள். இன்னொன்று மிக முக்கியம்: ஆற்றங்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சால்மன் மீனை நாய் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மீனில் உள்ள ஒட்டுண்ணி வழியாகப் பரவும் நோய்க்கு உடனே மருத்துவம் செய்யாவிட்டால் நாய் இறந்துவிடும். தின்றது தெரிந்தால், காய்ச்சலோ வாந்தியோ வரும்வரை காத்திராமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

பதில் 3 (கேப் டவுன்)

சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று மியூர் வுட்ஸ் என்னும் ரெட்வுட் காட்டுக்கு நாயோடு போய்விடாதீர்கள். அங்கே அனுமதி இல்லை. ப்ரெய்ரி கிரீக் அங்கிருந்து ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவு என்பதால் ஒரே நாளில் போய்த் திரும்ப இயலாது. வழியில் ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் பூங்கா வரும். அதனூடே செல்லும் அவென்யூ ஆஃப் தி ஜயன்ட்ஸ் சாலை சுமார் 50 கி.மீ. நீளம், கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினால் நாயும் உங்களோடு காட்டைப் பார்த்துக்கொண்டே வரும். முதல் நாள் அப்பகுதியில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் கால் பேரல் சாலை திறந்திருக்கிறதா என்று பூங்கா அலுவலகத்தில் கேட்டறிந்து புறப்படுங்கள்.